குளோரினுக்கு நியூட்ரான் 18.5 என்று வருகிறதே?

அரை நியூட்ரான் கிடையாது. குளோரின்-35 அணுவில் 18 நியூட்ரான், குளோரின்-37 அணுவில் 20. இரண்டிலும் புரோட்டான் 17தான். நடுநிலை அணு என்பதால் எலக்ட்ரானும் 17.

தனிம வரிசை அட்டவணையில் உள்ள 35.5-இலிருந்து 17-ஐக் கழித்திருப்பீர்கள். அது நிறை எண் (ஓர் அணுவின் புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை) அல்ல, சராசரி அணு நிறை. இயற்கைக் குளோரினில் சுமார் 76 விழுக்காடு 35, மீதி 24 விழுக்காடு 37. போட்டுப் பாருங்கள்: 0.76 × 35 + 0.24 × 37 = 35.48. அந்த 'அரை' வந்த வழி இதுதான். நிறை எண் எப்போதும் முழு எண். கேள்வியில் குறியீட்டின் இடப்பக்க மேல்மூலையில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, முழுமையாக்கிக் கழித்தால் போதுமா? சோடியத்துக்குச் சரிவரும்: 22.99 என்பது 23, நியூட்ரான் 12. புரோமினில் கவிழ்த்துவிடும். 79.9-ஐ 80 ஆக்கினால் 45 நியூட்ரான் கிடைக்கும். ஆனால் இயற்கையில் இருப்பவை புரோமின்-79, புரோமின்-81 மட்டுமே, அதாவது 44 அல்லது 46.

குறியீட்டின் மேல் கழித்தல் குறி இருந்தால் அது குளோரைடு அயனி. எலக்ட்ரான் 18 ஆகும், மற்றவை மாறாது.