அலை அடித்ததால்தான் அச்சேயில் போர் நின்றதா?

கேள்வி: 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சேயில் சண்டை ஓய்ந்து சுயாட்சி வந்தது என்று வகுப்பில் படித்தோம். அதே அலைதானே இலங்கையையும் அடித்தது? அங்கே ஏன் ஓயவில்லை?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: இருபது வருடமாக என்னை விடாத கேள்வி அம்மா இது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருந்தேன். ஒரு வீட்டு வாசலில் படகு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் அம்மா ஈர மணலைக் கையால் தள்ளித் தள்ளி, மகனின் பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டிருந்தார். அச்சேயில் அன்று செத்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

ஆனால் பேச்சுக்கான ஏற்பாடு அலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அலை அதை அவசரமாக்கியது, அவ்வளவுதான். பின்லாந்தின் முன்னாள் அதிபர் அஹ்திசாரி, இந்தோனேசிய அரசையும் போராளிகளையும் பேச உட்காரவைத்தார். 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1976 முதல் தனி நாடு கேட்ட சுதந்திர அச்சே இயக்கம் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. தங்கள் மண்ணின் எரிவாயு ஜகார்த்தாவுக்கே போகிறது என்பது அச்சேக்காரர்களின் பழைய மனக்குறை. இனி எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் அச்சேவுக்கு. உள்ளூர்க் கட்சி தொடங்கவும் அனுமதி. மாநிலக் கட்சிகளோடு வளர்ந்த நமக்கு இது பெரிதாகத் தெரியாது. நாடு முழுக்கக் கிளை இல்லாமல் கட்சி நடத்த முடியாத இந்தோனேசியாவில் இதுதான் கடைசிவரை இழுபறியானது.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. போராளிகள் 840 ஆயுதங்களை நான்கு தவணையாக ஒப்படைத்தார்கள். ஒப்படைத்த துப்பாக்கிகளை ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினார்கள். தவணைக்குத் தவணை, வெளியிலிருந்து கொண்டுவந்த ராணுவப் படைகளும் வெளியேறின. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளும் பக்கத்திலிருந்து சரிபார்த்தன. ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத இடத்தில், எண்ணிக் காட்டினால்தான் நம்பிக்கை வரும்.

இலங்கையில் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட ஒரு பொதுக் கட்டமைப்புக்கு அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24-ல் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 15-ல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. ஹெல்சிங்கி கையெழுத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு! நிவாரணத்தைக்கூடச் சேர்ந்து பங்கிட முடியாத இடத்தில் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவார்கள்? அந்தச் செய்தியைப் படித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: சரி, சுயாட்சி வந்த பிறகு அச்சே மக்கள் நன்றாக இருக்கிறார்களா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: பயமில்லாமல் ராத்திரி தூங்குகிறார்கள். அது சின்ன விஷயமில்லை. இயக்கத்தைச் சேர்ந்த இர்வாண்டி யூசுப், அலை வந்தபோது சிறையில் இருந்தவர், கூரையை உடைத்துத் தப்பியவர். 2006 டிசம்பர் தேர்தலில் அவரையே மக்கள் ஆளுநராக்கினார்கள். ஆனால் வறுமை போகவில்லை. ஷரியா சட்டப்படி ஊர் பார்க்கப் பிரம்படி கொடுக்கிறார்கள், பெண்களுக்கும் விழுகிறது. இதை என்னால் ஏற்க முடியாது. போர்க்காலத்தில் நடந்தவற்றை விசாரிக்கும் உண்மை ஆணையம் 2016-ல்தான் அமைந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள், நடந்ததைச் சொல்லவே பதினொரு வருடம் காத்திருந்தார்கள்.