எண்ணெய்ச் சோதனையைக் கருவி செய்கிறது. வேதியியல் படிக்கும் மகளுக்கு வேலை இருக்குமா?

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காங்கேயம் பக்கத்தில் உங்கள் கணவர் வேலை பார்க்கும் தேங்காய் எண்ணெய் ஆலையில், மூன்று பேர் முறை வைத்துச் செய்துவந்த அமிலச் சோதனையை இப்போது ஒரு தானியங்கிக் கருவி செய்கிறது என்றும், அதைப் பார்த்த உறவினர் ஒருவர் ‘இனிமேல் லேபில் ஆளுக்கு வேலை இல்லை’ என்று சொன்னதிலிருந்து, பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைக் கணினிப் படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் உறவினர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. எது போகப் போகிறது, எது போகாது என்பதை அந்தச் சோதனையை வைத்தே விளக்கினால்தான் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தச் சோதனை அளப்பதை ஆலைகளில் எஃப்.எஃப்.ஏ. என்பார்கள்; அதாவது, எண்ணெய் மூலக்கூறிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு. கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தாலோ, எண்ணெயில் ஈரம் நின்றாலோ இந்த அளவு ஏறும். ஏறினால் எண்ணெய் காறும், விலையும் இறங்கும். இதைக் கையால் அளக்கும் முறையை உங்கள் மகள் கல்லூரியிலேயே செய்திருப்பார். எண்ணெயை எடை போட்டு, நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் கலந்து சூடாக்கி, நிறங்காட்டியான ஃபீனால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தானியங்கிக் கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை. கரைசலில் மூழ்கியிருக்கும் மின்முனையின் மின்னழுத்தம் சட்டென்று மாறும் புள்ளியைக் கணக்கிட்டு முடிவைச் சொல்கிறது. நிறம் அடர்ந்த எண்ணெயில் மனிதக் கண் தடுமாறும் இடத்திலும் அது தடுமாறாது. வரிசையாக வைத்த குடுவைகளை இரவெல்லாம் சலிக்காமல் சோதிக்கும். ஆகவே பியூரெட்டைத் திருகுவதை மட்டுமே வேலையாகக் கொண்டவர்களுக்கான இடம் குறைந்துகொண்டே போகும். இதை உங்களிடம் மறைப்பது தவறு.

ஆனால் அதே கருவிக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். 10 கிராம் தேங்காய் எண்ணெயை 0.1 நார்மல் செறிவுள்ள காரத்தால் சோதித்து, 3.5 மில்லிலிட்டர் செலவானதாக வைத்துக்கொள்வோம். பிரிந்து நிற்கும் அமிலத்தை எந்தக் கொழுப்பு அமிலமாகக் கொண்டு கணக்கிடுவது என்னும் கருவியின் அமைப்பில் லாரிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது 0.70 சதவீதம் என்று அச்சிடும். ஒலியிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் 0.99 சதவீதம் என்று அச்சிடும். அமில எண்ணாக (ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்னும் அளவாக) கேட்டிருந்தால் 1.96 என்று சொல்லும். மூன்றும் ஒரே எண்ணெய், ஒரே அளவு காரம். வாங்குபவர் ஒப்பந்தத்தில் எந்த அமிலத்தின் கணக்கில் கேட்டிருக்கிறார் என்பதைப் படித்துப் பார்த்து, அந்த அமைப்பைச் சரியாக இடுவது மனிதரின் வேலை. தவறாக இட்டாலும் கருவி அதே நம்பிக்கையோடு இரண்டு தசம இடங்கள் வரை எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை நம்பி ஒரு லாரிச் சரக்கே திரும்பி வரலாம்.

இன்னொன்று மார்கழியில் நடப்பது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். பாதி உறைந்த டின்னின் மேல்பகுதியிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால், அந்த மாதிரி முழு டின்னின் எண்ணெய்க்குச் சாட்சியாகாது. முழுவதையும் இளக்கி, கலக்கி, பிறகே எடுக்க வேண்டும். மின்முனையின் கண்ணாடிச் சவ்வில் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டால் அளவு மெல்ல மெல்ல விலகும்; காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி நாளடைவில் வலுவிழக்கும்; பயன்படுத்தும் கரைப்பானிலேயே சிறிது அமிலம் இருக்கலாம். இவற்றை எப்போது சந்தேகிக்க வேண்டும், எதைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அறிந்தவரைத்தான் ஆய்வக மேலாளர்கள் தேடுகிறார்கள். பல ஆண்டுகளாக மாணவர்களை வேலைக்கு அனுப்பிவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: நேர்முகத் தேர்வில் ‘பொத்தானை எங்கே அழுத்துவீர்கள்’ என்று யாரும் கேட்பதில்லை, ‘இந்த எண் தவறாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்’ என்றுதான் கேட்கிறார்கள்.

எஃப்.எஃப்.ஏ. சோதனை முதல் படி மட்டுமே. எண்ணெயில் எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை அறிய, கேஸ் குரோமட்டோகிராபி என்னும் ஜி.சி. கருவி வேண்டும். எண்ணெய் அப்படியே எளிதில் ஆவியாகாது என்பதால், முதலில் அதை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்ற வேண்டும்; பிறகு அவை நீண்ட, மெல்லிய குழாயின் வழியே வாயுவால் தள்ளப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வந்து, வரைபடத்தில் ஒரு முகடாகப் பதிவாகும். மாதிரியை ஊசியால் உட்செலுத்துவது, முகடுகளின் பரப்பைக் கணக்கிடுவது, அறிக்கை அச்சிடுவது எல்லாம் இன்று தானாகவே நடக்கின்றன.

இந்தத் தானியங்கித்தனம் நேற்று வந்ததல்ல. 1952-இல் லண்டனில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த முறையை முதன்முதலில் வெளியிட்டபோது, அவர்கள் பிரித்தெடுத்தவையே கொழுப்பு அமிலங்கள்தாம்: பார்மிக் அமிலம் தொடங்கி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம் வரை. நம் தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருப்பது அந்த லாரிக் அமிலமே. குழாயிலிருந்து வெளிவந்த அமிலத்தை அவர்கள் அளந்தது, தானே காரத்தைச் சேர்த்துத் தானே பதிவு செய்யும் பியூரெட்டைக் கொண்டு. அதாவது, ஆலையில் பார்த்து உங்கள் உறவினர் அஞ்சிய அந்தக் கருவியின் முன்னோடி, இந்தத் துறை பிறந்த நாளிலேயே உடனிருந்தது. அதன் பின்னர்தான் எண்ணெய்ப் பகுப்பாய்வு இத்தனை ஆய்வகங்களாகப் பெருகியது.

ஜி.சி. அறிக்கையைப் படிப்பதில்தான் உங்கள் மகளின் எதிர்காலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேங்காய் எண்ணெயில் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும், விலை மலிவான பாம் கர்னல் எண்ணெயைக் கலந்திருக்கிறார்களா என்னும் கேள்வி வருகிறது என்று கொள்ளுங்கள். இரண்டிலுமே லாரிக் அமிலம் ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். ஆகவே பெரிய முகட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வேறுபாடு சிறிய முகடுகளில் இருக்கிறது. எட்டுக் கார்பன் கொண்ட கேப்ரிலிக் அமிலம் தேங்காய் எண்ணெயில் 4.6 முதல் 10 சதவீதம் வரையும், பாம் கர்னல் எண்ணெயில் 2.4 முதல் 6.2 சதவீதம் வரையும் இருக்கலாம் என்பது பன்னாட்டு உணவுத் தர நிர்ணயம். ஒலியிக் அமிலமோ தேங்காய் எண்ணெயில் 5 முதல் 10, பாம் கர்னலில் 12 முதல் 19. இப்போது, மாதிரியைத் தயாரித்த பணியாளர் கரைப்பானை முற்றிலும் வற்றவிட்டார் என்றால், எளிதில் ஆவியாகும் கேப்ரிலிக் எஸ்டரும் அதோடு போய்விடும். நேர்மையான ஆலையின் நல்ல எண்ணெய்கூட அந்த ஒரு எண்ணில் கலப்படம் போலத் தோன்றும். கருவி அந்த அறிக்கையையும் அழகாக அச்சிட்டுத் தரும். ஒலியிக் அமிலம் உயரவில்லையே, கேப்ரிலிக் மட்டும் ஏன் குறைந்தது என்று நின்று கேட்கிறவர்தான் வேதியியலாளர். ஓர் ஆலையின் நற்பெயரும், அதை நம்பியிருக்கும் குடும்பங்களும் அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை உங்கள் வீட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் ஆலைகள், சுத்திகரிப்பு நிலையங்கள், சோப்பு மற்றும் அழகுப்பொருள் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், தனியார் பரிசோதனைக் கூடங்கள், கருவிகளை விற்று நிறுவிப் பயிற்சி தரும் நிறுவனங்கள் ஆகியவை இதில் அடங்கும். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் உடலுக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. அதைச் சோதிப்பதும் ஜி.சி. கருவியில்தான். அரசு வழியில் செல்ல விரும்பினால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் உணவுப் பகுப்பாய்வாளர் என்னும் பொறுப்பு உள்ளது. அதற்கு வேதியியல் போன்ற பாடத்தில் முதுநிலைப் பட்டமும், உணவுப் பகுப்பாய்வில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும், உரிய தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். ஆகவே பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட எண்ண வேண்டாம். தொடக்கச் சம்பளம் கணினித் துறையோடு ஒப்பிடத்தக்கதாக இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பொறுமை தேவைப்படும், அந்த ஆண்டுகளில் வீட்டின் ஆதரவும் தேவைப்படும்.

மேற்படிப்புக்கு எம்.எஸ்சி. வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் பொருந்தும். மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பப் படிப்புக்கு இந்தத் துறையில் நல்ல மதிப்பு உண்டு. சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கும் மகனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஆர்வம் இருந்தால், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பி.டெக்., எண்ணெய்த் தொழில்நுட்பத்துக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் கான்பூர், மும்பை கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றை விசாரிக்கலாம். அதைப் பிறகு தனியாகப் பேசுவோம்.

எந்தக் கல்லூரியைத் தேர்ந்தாலும், விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், ஜி.சி. கருவி ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். துணி போர்த்திக் கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்த கருவியால் எந்த மாணவருக்கும் பயனில்லை. அத்துடன் உங்கள் மகள் இப்போதே மூன்று பழக்கங்களைத் தொடங்க வேண்டும். புள்ளியியலைப் புறக்கணிக்காமல், எக்ஸெல்லில் அளவுகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கமும், அவை எல்லைக்குள் நிற்கின்றனவா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடமும் போடத் தெரிய வேண்டும். ஆய்வகங்களின் திறனை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் தரநிலை என்ன கேட்கிறது என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய்ச் சோதனைகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 548-ஐ, பாடநூலைப் படிப்பது போல வரிவரியாகப் படிக்க வேண்டும். கணினிப் படிப்பை நீங்கள் மாற்றாக நினைத்தீர்கள். அதை இதற்குத் துணையாக்கிக்கொள்வதே அவருக்கு லாபம்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கணவர் ஆலையில் முறைப்படி அனுமதி கேட்டு ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கித் தரட்டும். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், உங்கள் மகள் அதே எண்ணெயைக் கையால் பத்து முறை சோதித்து, ஒவ்வோர் எடையையும் ஒவ்வொரு பியூரெட் அளவையும் மை பேனாவால், அடித்தல் திருத்தலை மறைக்காமல், நோட்டில் எழுதட்டும். பிறகு ஆலைக் கருவி அதே எண்ணெய்க்குத் தந்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அதற்கு என்ன காரணம் என்று தனக்குத் தோன்றுவதை அதே நோட்டில் ஒரு பக்கம் எழுதட்டும். ஜூன் மாதம் என்னைப் பார்க்க வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்வோம்.