‘யெஸ்’ சொல்லி மாட்டிக்கொள்வது

அன்புள்ள ஐயா,

தமிழ்வழியில் படித்தவன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை. கடினமான ஆங்கிலச் சொல் வந்தால் அகராதியைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். என்னைக் கவிழ்ப்பவை தெரிந்த சொற்கள்தாம். ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்று ஒரு மெயில். அலாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ‘வுட் யூ மைண்ட் சென்டிங் இட் அகெய்ன்?’ என்றார் வாடிக்கையாளர். ‘யெஸ்’ என்றேன். மறுமுனையில் பேச்சே இல்லை. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பட்டியல் ஏதும் உண்டா?

க., கரூர்

அன்புள்ள க.,

பட்டியல்கள் நிறைய உண்டு. மனப்பாடம் செய்தால் பத்து நாளில் கரைந்துவிடும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று பள்ளியில் ஜோடி போட்டு வைத்தோமே, வம்பு அங்கேதான் இருக்கிறது.

‘மைண்ட்’ என்றால் மனம் என்று படித்தோம். அந்தக் கேள்வியில் அது வினைச்சொல்: ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ உங்கள் ‘யெஸ்’ அவர் காதில் ‘ஆமாம், அனுப்ப முடியாது’ என்று விழுந்திருக்கும். இலக்கணப்படி பதில் ‘நோ, நாட் அட் ஆல்’. பேச்சில் ‘ஷ்யூர், ஐ வில் சென்ட் இட் நவ்’ போதும்; அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதைவிட மோசமானது எதிர்மறைக் கேள்வி. ‘டிட்ன்ட் யூ கெட் மை மெயில்?’ என்கிறார், மெயில் வரவில்லை. நாம் ‘ஆமா, வரல’ என்போம், கேட்டவர் நினைத்தது சரி என்ற பொருளில். ஆங்கிலத்தில் கேள்வியை மறந்துவிட்டு, பதிலில் வரும் வினையை மட்டும் பாருங்கள். வந்தது என்றால் ‘யெஸ், ஐ டிட்’. வரவில்லை என்றால் ‘நோ, ஐ டிட்ன்ட்’. வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாதீர்கள், வினையையும் சேர்த்துச் சொன்னால் பிழை உங்கள் காதுக்கே தட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஏற்றுமதியில் சரக்கையே தாமதமாக்கக் கூடியது: ‘க்குள்’. ‘வெள்ளிக்குள்’, ‘இரண்டு நாளுக்குள்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. கிழமை, தேதி என்றால் ‘பை ஃப்ரைடே’. கால அளவு என்றால் ‘விதின் டூ டேஸ்’. ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதுவது தமிழை அப்படியே தூக்கி வைப்பது. ‘அன்டில் ஃப்ரைடே’ வேறு சங்கதி: ஒரு செயல் வெள்ளி வரை தொடர்ந்து நடக்கிறது. ‘வி வில் ஷிப் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று ஆகும்.

இனி அலாரம். ‘ஆஃப்’ என்றதும் சுவிட்ச்தான் நினைவுக்கு வரும். அதன் பழைய பொருள் ‘விலகி’. பிடித்து வைத்திருந்தது விடுபட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்: அலாரம் ஒலிக்கிறது, குண்டு வெடிக்கிறது. அதே ‘வென்ட் ஆஃப்’ விளக்குக்கு வந்தால் அணைந்தது. பிரிட்டிஷ்காரர் வீட்டுப் பாலுக்கு வந்தால் கெட்டுப்போனது. ஆகவே வினையை மட்டும் பார்த்துப் பயனில்லை, எழுவாயைப் பாருங்கள். நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? ‘ஊர் போய்ச் சேர்ந்தார்’ என்பதில் ‘ஊர்’ விடுபட்டால் ஆளே காலி.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே இந்தத் தொல்லை உண்டு. ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சொல்லால் இரு தரப்பு அதிகாரிகளும் நீண்ட நேரம் மல்லுக்கட்டியதைச் சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார். நம் நாடாளுமன்ற வழக்கு பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும்போது இந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

அகராதி வாங்குவதென்றால், கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கில–ஆங்கில அகராதியாக வாங்குங்கள். ‘கோ ஆஃப்’ போன்ற கூட்டுவினைகள் ‘கோ’ என்ற பதிவின் கடைசியில் தனியாக இருக்கும். பலர் முதல் பொருளோடு மூடிவிடுகிறார்கள். நோட்டில் சொல்லையும் பொருளையும் எதிரெதிரே எழுதாதீர்கள். இடப்பக்கம் வந்த வாக்கியம் முழுதாக, யார் யாரிடம் சொன்னது என்பதோடு. வலப்பக்கம் அதே சூழலில் நீங்கள் வீட்டில் சொல்லக்கூடிய தமிழ் வாக்கியம். மறுநாள் இடப்பக்கத்தை மூடிவிட்டுத் தமிழிலிருந்து ஆங்கிலத்தைச் சொல்லிப் பாருங்கள். இந்தத் திசைதான் கடினம், பலன் தருவதும் இதுதான்.

தொலைபேசியில் ஐயம் வந்தால் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று தொடங்க வேண்டாம். நமக்குச் சந்தேகம் என்பது கேள்வியும்தான். வெளிநாட்டவர் பலருக்கு அது அவநம்பிக்கையாகப் படும். ‘எ க்விக் கொஸ்டின்’ என்று ஆரம்பித்து, அவர் சொன்னதைத் தேதி, எண்ணிக்கையோடு திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.