நோயாளி பராமரிப்பில் தொற்றைத் தடுப்பது எப்படி? மூத்த செவிலியரின் பதில்கள்

சிஸ்டர், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையைக் கட்டிலில் அவர் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். சரிதானா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு மகள்)

வேண்டாம்மா, இப்போதே மாற்றிவிடுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பையில் தேங்கிய சிறுநீர் கிருமியோடு திரும்ப உள்ளே போகும். அதற்காகத் தரையிலும் போடக்கூடாது. கட்டில் சட்டத்தில் மாட்டித் தொங்கவிடுங்கள். அப்பாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போதுதான் பலர் பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். அதற்கென்று தனியாக ஒரு மக் வைத்துக்கொள்ளுங்கள். வடியும் குழாயின் நுனி மக்கில் படக்கூடாது. முன்னும் பின்னும் கை கழுவுங்கள். டியூபும் பையும் சேரும் இடத்தை நீங்களாகப் பிரிக்காதீர்கள். டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்தால் போதும், டெட்டால் வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், திடீரென்று பேச்சில் குழப்பம், சிறுநீர் வராமல் நிற்பது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், டியூப் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடுகிறது. இதைக் கேட்பது உங்கள் உரிமை.

க்ளவுஸ் போட்டிருந்தாலும் கை கழுவ வேண்டுமா அக்கா? சானிடைசர் போதாதா? (நர்சிங் மாணவி)

கட்டாயம் வேண்டும். க்ளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போதும் அழுக்கு கையில் படும். ஒரே க்ளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் உன் கை சுத்தமாக இருக்கும், கிருமி அடுத்த நோயாளிக்குப் போய்ச் சேரும். நோயாளியைத் தொட்ட க்ளவுஸோடு செல்போனை எடுப்பதும் அதே தவறுதான்.

கையில் அழுக்கு தெரியாதபோது சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ரத்தமோ மலமோ பட்டிருந்தால், அல்லது நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால், சோப்பும் தண்ணீரும்தான். அதற்கு 40 முதல் 60 விநாடி ஆகும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமி வடிவங்கள்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலில் சாவதில்லை.

காலையில் ஊசி போட்டுவிட்டு மூடும்போது விரலில் குத்திவிட்டது. என்ன செய்வது? (புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆண் செவிலியர்)

தம்பி, பதிலுக்குக் காத்திருக்காமல் முதலில் குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குத்திய இடத்தைப் பிழியக்கூடாது, பிளீச் ஊற்றக்கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். இனிமேல் ஊசியை மூடாமல் அப்படியே ஊசி டப்பாவில் போடுங்கள்.

மாமியாருக்கு நுரையீரல் காசநோய். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். சரிதானே? (சேலம்)

தேவையே இல்லை. காசநோய் காற்றில்தான் பரவும், தட்டில் இல்லை. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அவரை மாஸ்க் போடச் சொல்லுங்கள், இருமும்போது வாயை மூடட்டும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. குழந்தைகள் உட்பட வீட்டில் எல்லோரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவருக்குச் சாப்பாட்டை எப்போதும்போல் உங்கள் தட்டிலேயே போடுங்கள்.