விசில் சத்தம் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

என் ஆச்சி போன ஆவணியில் காலமானார். வருஷத் திதியன்று சொந்தக்காரர்கள் முன்னால் போட்டுக்காட்ட ஐந்து நிமிட வீடியோ ஒன்றை என் போனிலேயே செய்துகொண்டிருக்கிறேன். பழைய ஆல்பத்துப் படங்கள் அறுபது இருக்கின்றன. மாமா கல்யாண டிவிடியில் ஆச்சி வரும் காட்சிகள் கொஞ்சம். வாட்ஸப்பில் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் மூன்று. அதில் ஒன்று, நான் விடுதியில் இருந்தபோது சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைப்பது எப்படி என்று சொன்னது. பின்னால் ஃபேன், குக்கர் விசில், காக்கை எல்லாம் கேட்டன. ஒரு ஆப்பில் போட்டு மொத்தத்தையும் சுத்தம் செய்துவிட்டேன். பேசி முடித்துவிட்டுப் பொத்தானைத் தேடிக்கொண்டு "ஏட்டி, போயிட்டா?" என்று கேட்பதையும் வெட்டிவிட்டேன். இவ்வளவு செய்தும் அது ஆச்சி குரல் மாதிரி இல்லை.

எந்த ஆப் நல்லது? நெடுக்காகச் செய்வதா, படுக்கையாகவா? பின்னணிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு போடலாமா? படத்தில் ஆச்சியின் வாய் அசைவதுபோல் ஏஐ வைத்துச் செய்யலாமா? மாமாக்கள் இருவரையும் பேசவைத்துச் சேர்க்கவும் எண்ணம்.

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

வீட்டு டிவியில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள், ஆகவே படுக்கையாக. வாயை அசைப்பது வேண்டாம். ஆச்சி பேசியதே கையில் இருக்கும்போது பேசாத வாயை ஆட்டிக் காட்டுவானேன்? மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கேள்விக்குறி இல்லாத ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது: "மொத்தத்தையும் சுத்தம் செய்துவிட்டேன்."

என்ன காரியம் செய்தீர்கள்! இரைச்சல் நீக்கும் பொத்தானை எல்லா ஆப்களும் இப்போது முகப்பிலேயே வைத்துவிட்டன. கண்டவர்கள் எல்லாம் அமுக்குகிறார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த எரிச்சல் இது. உங்கள் மேல் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேச்சில் இரண்டு வகை ஒலிகள் உண்டு. 'ஆ', 'ஓ' போன்றவை தொண்டை அதிர்ந்து வருபவை. அவற்றை இயந்திரம் எளிதில் குரல் என்று அடையாளம் காணும். 'ஸ' என்று நாம் உச்சரிக்கும் சகரம் வெறும் காற்றுரசல். ஃபேன் ஓடும் ஓசையும் காற்றுரசல்தான். இரண்டையும் பிரிக்கத் தெரியாத இடத்தில் இயந்திரம் இரண்டையும் அழுத்திவிடும். 'சொதி' என்று ஆச்சி சொன்ன இடத்தை இப்போது கேட்டுப்பாருங்கள். 'ஒதி' என்று கேட்கும்.

சொல்லின் முடிவில் இன்னொரு திருட்டு. 'உப்பு', 'ஊத்திட்டு', 'அடுப்பு' என்ற சொற்களின் கடைசி உகரம் முழு உகரம் இல்லை. இலக்கண வகுப்பில் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள்: ஒரு மாத்திரை ஒலிக்கவேண்டியது அரை மாத்திரையாகக் குறுகும். உதடு குவியாமல், குரல் இறங்கி, மூச்சோடு மூச்சாகப் போகும் ஒலி அது. ஒலி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்திவிடும் முறையில் பல இரைச்சல் நீக்கிகள் இயங்குகின்றன. கதவு சாத்தும் இடம் சரியாக அந்த அரை மாத்திரை. 'உப்பு' 'உப்ப்' ஆகிவிடும். முதியவர்கள் வாக்கிய முடிவில் மூச்சு குறைந்து பேசுவார்கள், அதனால் அவர்கள் பேச்சில் இன்னும் அதிகம் போகும். தலையும் வாலும் வெட்டிய சொற்களைக் கேட்டுவிட்டு ஆச்சி குரல் மாதிரி இல்லை என்று எழுதுகிறீர்கள். உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது.

இனி விசில். அடுப்படியில் விசில் அடிக்கும்போது பேசிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? நிறுத்துவார், அடங்கியதும் தொடர்வார். "முதப் பால ஊத்திட்டு..." விசில். பிறகு "...கொதிக்க விட்டுராத." நீங்கள் விசிலை எடுத்துவிட்டீர்கள், இடைவெளி மட்டும் நிற்கிறது. கேட்கிறவருக்கு அது எப்படிப் படும்? ஆச்சிக்கு அடுத்த வரி மறந்துபோனதுபோல. கைப்பக்குவத்தில் ஒரு இடம் தடுமாறாத கிழவியை ஞாபகமறதிக்காரி ஆக்கிவிட்டீர்கள்.

இன்னும் ஒன்று. இரைச்சலுக்கு நடுவே மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எடுத்துச் சொன்னார், அவர் பெயராலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். சத்தம் கூடினால் குரலின் அளவு மட்டுமல்ல, சுருதியும் ஏறும், உயிரெழுத்துகள் நீளும். ஃபேனையும் குக்கரையும் தாண்டி ஆச்சி உங்களுக்காகக் குரல் எடுத்துப் பேசியிருக்கிறார். பின்னணியைத் துடைத்துவிட்டால் அமைதியான அறையில் உட்கார்ந்து உங்களைத் திட்டுவதுபோல ஆகும்.

ஆகவே முதல் வேலை, மூலப் பதிவுக்குத் திரும்புவது. வாட்ஸப்பில் அந்தக் குரல் பதிவு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பிடித்து, பகிர்வு வழியாக வெளியே எடுத்து, மின்னஞ்சலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இன்றைக்கே இரண்டு பிரதி வையுங்கள். போன் மாற்றும்போது காணாமல் போகிறவற்றில் முதலிடம் இவற்றுக்குத்தான். கோப்பு ஓபஸ் வகையில் இருக்கும். சில எடிட்டிங் ஆப்களுக்கு அது கண்ணில் படாது. கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம், ஏதாவது மாற்றி ஆப்பில் போட்டு வேவ் அல்லது எம்4ஏ ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு போனில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்யும் குறுக்குவழி மட்டும் கூடாது. உங்கள் அறையும் அதில் ஏறிவிடும்.

ஃபேன் உண்மையிலேயே சொற்களை மறைத்தால் நீக்கியை 20, 30 சதவீதத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குளுகுளுவென்று வரும். விசில் காதை அறைகிறதா? அதன் இரு பக்கமும் ஸ்ப்ளிட் செய்து (துண்டாக்கி), அந்தத் துண்டை மட்டும் பாதிக்குக் குறையுங்கள். வெட்டிய இரண்டு இடத்திலும் பத்தில் ஒரு நொடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறுவது, இறங்குவது) கொடுக்காவிட்டால் 'டப்' என்று தட்டும்.

மூன்று பதிவுகளுக்கும் நடுவே வெறுமையாக விடாதீர்கள். ஒலியே இல்லாத இடம் டிவி அணைந்துபோனதுபோல் இருக்கும். ஆச்சி பேசத் தொடங்குமுன் ஒன்றிரண்டு நொடி வெறும் அறையின் ஓசை பதிவாகியிருக்கும். அதை நகலெடுத்து, ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை அரை நொடி ஏறும்படி வைத்து நிரப்புங்கள். காக்கை கத்தும் துண்டு வேண்டாம். ஒரே காக்கை இரண்டு நொடிக்கொருமுறை கத்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே அடுப்படி இன்னும் இருந்தால், அதே ஃபேனைப் போட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் புதிதாகப் பதிவு செய்வது இதைவிட நல்லது.

இப்போது படங்கள். நீங்கள் அறுபது படங்களை வரிசையாக அடுக்கிவிட்டு அதன்மேல் குரலைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் செய்வது அதுதான். படங்கள் அடுக்கும் முதல் தடம் (ட்ராக்) சங்கிலிபோல. பன்னிரண்டாவது படத்தில் அரை நொடி குறைத்தால் பின்னால் இருக்கும் நாற்பத்தெட்டும் நகரும், குரல் நகராது. மாமா பெயரைச் சொல்லும்போது சித்தி படம் வந்து நிற்கும். எனவே ஒலியை முதலில் முடியுங்கள். பல போன் ஆப்கள் முதல் தடத்தில் ஏதாவது படம் இல்லாமல் ஒலியை ஏற்காது. ஒரு கறுப்புப் படத்தை முழு நீளத்துக்கும் நீட்டிவைத்து, குரல்களை அதன் கீழே பொருத்தி, படங்களையும் டிவிடி காட்சிகளையும் மேலே லேயர்களாக வையுங்கள். இனி எதை இழுத்தாலும் மற்றது அசையாது.

அறுபதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் அறுபது என்றால் படத்துக்கு ஐந்து நொடி, தாளம் தட்டியதுபோல ஓடும். முப்பது போதும். ஒரு படம் ஒரு வாக்கியம் முடியும்வரை நிற்கட்டும். ஆச்சி மூச்சு வாங்கும் இடத்தில் மாற்றுங்கள், சொல்லின் நடுவில் மாற்றினால் கண் காதைத் தள்ளிவிடும். பக்கம் புரள்வது, இதயம் விரிவது போன்ற மாற்ற வித்தைகளைத் தொடவே தொடாதீர்கள்.

ஆல்பத்துப் படத்தைப் பிளாஸ்டிக் உறையோடு போனில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழும். உறையிலிருந்து எடுத்து, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் ஓரங்கள் வளையும். ஒட்டிக்கொண்டு வராத படத்தைப் பிய்க்கவேண்டாம், கூகுளின் ஃபோட்டோஸ்கேன் ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுக்கவைத்து அந்தத் திட்டைப் பெரும்பாலும் நீக்கிவிடும். சித்தியிடமிருந்து படம் வாங்கினால் வாட்ஸப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் சுருக்கித்தான் வரும். 4:3 படத்தைத் திரை முழுக்க நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், போவது பெரும்பாலும் யாராவது ஒருவரின் தலை. இரு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டிவிடி காட்சிகள் நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்). ப்ராஜெக்டையும் 25-இல் வையுங்கள். 30 என்று வைத்தால் நொடிக்கு ஐந்து சட்டகத்தை இரட்டிக்கவேண்டியிருக்கும், ஆச்சி மணவறை சுற்றி வரும்போது தத்தித் தத்தி நடப்பார்.

மாமாக்களைப் பேசவைப்பது நல்ல யோசனை. ஒரு போன் படத்துக்கு, இன்னொன்று குரலுக்கு. குரல் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, சட்டைப்பையில் தலைகீழாகச் செருகுங்கள், முதன்மை மைக் அடிப்பக்கம் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். இடைவெளி இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும், அறையின் எதிரொலி இறங்காது. தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். ஒலி அலையில் ஊசி மாதிரி நிற்கும் இடத்தையும் கைகள் சேரும் சட்டகத்தையும் பொருத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். போன்கள் சட்டகங்களை ஒரே சீராக எடுப்பதில்லை, நீளப் பதிவில் மெல்ல விலகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தட்டவையுங்கள். இந்தப் பொருத்தல் வேலையை ப்ளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டு செய்யாதீர்கள். அது ஒலியைத் தாமதமாகத் தரும், சரியாக இருப்பதைத் தப்பென்று நினைத்து நகர்த்திவிடுவீர்கள். கம்பியுள்ளதை மாட்டுங்கள்.

பாட்டு. சொல் உள்ள பாட்டைப் பேச்சுக்கு அடியில் போட்டால் காது பாட்டின் சொல்லுக்குத்தான் போகும், தெரிந்த பாட்டென்றால் கூடவே முணுமுணுக்கவும் செய்வார்கள். நாதஸ்வரமும் ஆகாது, பேச்சின் தெளிவு இருக்கும் அதே இடத்தில் அது உட்காரும். மாமாக்கள் கட்டாயம் கேட்டால் தம்புரா மட்டும், குரல் 100 என்றால் அது 12. யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் சினிமாப் பாட்டை அங்கே இயந்திரமே கண்டுபிடித்துவிடும். எனக்குக் கேட்டால் தம்புராவும் வேண்டாம். ஃபேன் இருக்கிறதே.

எக்ஸ்போர்ட் செய்யும்வரை கேலரியில் எதையும் அழிக்காதீர்கள். பல ஆப்கள் படத்தை நகலெடுத்து வைப்பதில்லை, இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கின்றன. இடம் மிச்சப்படுத்தப்போய் ப்ராஜெக்ட் முழுக்க வெற்றுக் கட்டங்களாகும். 1080பி, எச்.264, எம்பி4 என்று வைத்தால் மாமா வீட்டுப் பழைய டிவியிலும் பென் டிரைவில் ஓடும். முந்தின நாளே அந்த டிவியில் ஒருமுறை போட்டுப்பாருங்கள். போன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்ட குரல் அங்கே ஃபேனோடு இரையலாம், அப்போது இரைச்சல் நீக்கியைத் தேடாமல் டிவி ஒலி அமைப்பில் பாஸை (அடித்தொனியை) குறையுங்கள்.

வெட்டிய "ஏட்டி, போயிட்டா?"வைத் திரும்ப ஒட்டுங்கள். அதற்குப் பிறகு பொத்தானைத் தடவும் உரசலும் சேர்த்து. அந்த இடத்தில் படம் எதுவும் வேண்டாம், கறுப்பு மட்டும். உரசல் நின்றபின் ஃபேன் ஓசையை எட்டு நொடி ஓடவிட்டு, இரண்டு நொடியில் மெல்ல இறக்குங்கள்.

ஆப் எது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கு மேல் ஒலித் தடமும், மேல் லேயரும், 25 சட்டகமும் தருவது எதுவானாலும் சரி. கைன்மாஸ்டர் இலவசப் பதிப்பு மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். திதியன்று ஆச்சி தலைமேல் அது நிற்கும் என்பதால் பத்து நொடி சோதனையாக எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.