சாம்பல் கிளிக்கு ‘சைட்டிஸ் சர்டிஃபிகேட்’ இருந்தால் போதுமா?

கேள்வி: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்க ஆசை. “கூண்டில் பிறந்தது, காலில் வளையம் இருக்கிறது, சைட்டிஸ் சர்டிஃபிகேட்டும் தருகிறேன்” என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா? இதனால் காட்டுக்குக் கேடு உண்டா?

பதில்: கேடு உண்டு. அதனால் முன்பணம் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சைட்டிஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய அதன் மாநாடு, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலில் இந்தக் கிளியைச் சேர்த்தது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வணிகம் செய்வதற்கு அதோடு தடை வந்தது. கானாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து 90 முதல் 99 சதவீதக் கிளிகள் காணாமல் போயிருந்தன. கூட்டமாக வந்து அடையும் பறவை என்பதால், பிடிப்பவர்களுக்கு ஒரே இடத்தில் நிறையச் சிக்கிவிடுகிறது.

தரகர் சொல்லும் ‘சர்டிஃபிகேட்’ கிளிக்குக் கொடுத்த நற்சான்று அல்ல. எல்லை தாண்டும் ஒரு சரக்குக்கான பெர்மிட், அவ்வளவுதான். ஏற்றுமதிப் பெர்மிட் 6 மாதம்தான் செல்லும். பழைய பெர்மிட்டின் நகலை எந்தக் கிளியோடும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஆகவே மூலப் பெர்மிட்டைக் கேளுங்கள். அதில் வளைய எண் இருந்தால் காலில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். வளையம் இணைப்பே இல்லாத முழு வட்டமாக இருக்க வேண்டும். அதைக் குஞ்சுப் பருவத்தில்தான் மாட்ட முடியும். வெட்டு இருந்தால் வளர்ந்த காட்டுக் கிளிக்கும் மாட்டியிருக்கலாம்.

‘கூண்டில் பிறந்தது’ என்ற பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாயும் தந்தையும் போன வருடம் காட்டில் பிடிபட்டவையாக இருந்தாலும் குஞ்சு கூண்டில் பிறந்ததுதானே! தரகர் பொய் சொல்லவில்லை, ஆனால் காடு காலியாகிறது. இப்படிப் பிறந்தும் வளர்ப்பு விதிகளுக்குள் வராதவற்றுக்குப் பெர்மிட்டில் ‘எஃப்’ என்ற குறி இருக்கும். வணிகத்துக்கு வரும் கிளி சைட்டிஸில் பதிவான பண்ணையில் வளர்ந்து ‘டி’ குறியோடு வர வேண்டும். ‘எஃப்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்நாட்டிலேயே பொரித்தது என்றால் தாய்க்கிளியின் ஆவணத்தைக் கேளுங்கள்.

இத்தனையையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. துறைமுகத்தில் தாளைப் பார்த்து முத்திரை குத்துபவர்கள் கூண்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும். அது நடக்கும்வரை, பெர்மிட் எண்ணை அதை வழங்கிய நாட்டின் சைட்டிஸ் நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முகவரி சைட்டிஸ் இணையதளத்தில் கிடைக்கும். உள்நாட்டுப் பதிவு விதியை வனத்துறையிடம் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று: பாவம், காப்பாற்றுவோம் என்று சந்தேகக் கிளியை வாங்கிவிடாதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொன்றைப் பிடிப்பார்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.