ஆர்எக்ஸ்-8 திடீரென இழுவை இழந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓடும்போதே இழுவை குறைந்துவிட்டது, எஞ்சின் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். இதன் ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோண ரோட்டர்கள் இருக்கும்; அவற்றின் முனைகளில் அழுத்தம் கசியாமல் தடுக்கும் அபெக்ஸ் சீலின் தேய்மானம் பெரும்பாலும் மெதுவாகத்தான் தெரியவரும். அதன் அடையாளமாக, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். திடீர் இழப்பு என்றால் என் முதல் சந்தேகம், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மேல்தான்.

இதில் 2 ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்பார்க் பிளக், மொத்தம் 4 காயில். ஒன்று வலுவிழந்தாலும் வண்டி ஓடும் என்பதால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கி அடைத்துவிடும். அப்புறம் புகை வெளியேற வழியில்லாமல், ஆர்பிஎம் ஏற ஏற வண்டி திணறும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

காயில், பிளக், ஒயர், கன்வெர்ட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. சாதாரண கேஜ் போதாது. ரோட்டரின் 3 முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் டெஸ்டர் வேண்டும். 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.